மரியாதைக்கு என்ன எழுத்து?

றொசாந்தியின் குரல் மயிலிட்டியில் பெயர் பெற்றது. அவள் இரண்டாம் வகுப்பில் நின்று "ஆடு" என்று சொல்லிக்கொடுத்தால், துறையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பவர்களும் "ஆடு" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கண்ணியை எடுப்பார்கள் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். பதினொரு வருடமாக அந்தக் குரலை வைத்துத்தான் அவள் வாசிக்கப் பழக்கினாள். அவள் ஒரு வரி சொல்லுவாள். பதினேழு பிள்ளைகளும் அதைத் திருப்பிக் கத்துவார்கள். கத்துகிற பிள்ளை படிக்கிற பிள்ளை என்பது அவளுடைய நம்பிக்கை.

இரண்டு கிழமை கரகரத்துக் கிடந்த அந்தக் குரல், ஒரு சனிக்கிழமை காலை முழுதாக நின்றுபோனது.

தொண்டை பார்க்கும் வைத்தியர் மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். குரல் நாணில் அரிசிமணி அளவில் இரண்டு தடிப்பு வந்திருக்கிறதாம்.

"பத்து நாளைக்கு ஒரு சொல்லும் கதைக்கப்படாது," என்றார். "குசுகுசுக்கவும் கூடாது. அது இன்னும் மோசம். பத்து நாள் கழிச்சு வாங்கோ, பாப்பம்."

பக்கத்தில் நின்ற அவள் கணவன் ஜெயசுதன் மிகவும் கவலையான முகத்தோடு கேட்டான். "வீட்டிலையும் தானோ டொக்டர்?"

"வீட்டிலையும் தான்."

"சரி, என்ன செய்யிறது. தாங்கத்தானே வேணும்."

மோட்டார்ச் சைக்கிளில் குருநகர் வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அவன் மெல்லச் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். றொசாந்திக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. முதுகில் ஒரு குத்து விட்டாள்.

விடுமுறை எடுக்கவும் வழியில்லை. அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் மொத்தமே நான்கு ஆசிரியர்கள். அதில் ஒருத்தி பிரசவ விடுமுறையில் நின்றாள். போதாததற்கு, வருகிற வெள்ளிக்கிழமை வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஆசிரிய ஆலோசகர் வந்து பிள்ளைகளின் வாசிப்பைப் பார்க்கப்போகிறார் என்று கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமை காலை அவள் வழமைபோல பஸ் ஏறி வந்து, வைத்தியர் எழுதிக்கொடுத்த துண்டைப் பள்ளிக்கூட அதிபரின் மேசையில் வைத்தாள்.

அதிபர் அருளம்பலம் உடுப்பிட்டிக்காரர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனை, இடுப்புப் பட்டிக்கு மேலே தாராளமான வயிறு. சிரித்தால் பள்ளிக்கூடம் குழம்பிப்போகும் என்று பயந்தவர்போல முகத்தை எப்போதும் இறுக்கி வைத்திருப்பார்.

"வாய் இல்லாமல் என்னெண்டு படிப்பிக்கப்போறியள் ரீச்சர்?"

றொசாந்தி கொப்பியை எடுத்து எழுதிக் காட்டினாள். 'கை கிடக்குது சேர்.'

வகுப்புக்குள் அவள் நுழைந்ததும் பதினேழு பேரும் எழும்பி, "வணக்கம் ரீச்சர்" என்று இழுத்துப் பாடினார்கள். அவள் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாள்: இருங்கோ.

ஒருவரும் இருக்கவில்லை; நின்றபடியே நின்றார்கள்.

அவள் வெண்கட்டியால் அந்தச் சொல்லைத் தட்டிக் காட்டினாள். பிள்ளைகள் சொல்லைப் பார்த்தார்கள். ரீச்சரைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஷெரோனைப் பார்த்தார்கள்.

ஷெரோன் அந்த வகுப்பின் இராணி. ஏழு வயது. இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னல், முன்பல் இரண்டும் இல்லை, குரலில் றொசாந்திக்கு அடுத்தவள். போன தவணை வாசிப்பில் அவளுக்கு 'மிக நன்று' கிடைத்தது.

"நான் வாசிக்கிறன் ரீச்சர்!" என்று முன்னுக்கு வந்தாள். கரும்பலகையை நேராகப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்தி, "எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு!" என்று வாசித்தாள்.

"எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு!" என்று பின்னாலிருந்து கூட்டமாகக் குரல் எழும்பியது.

றொசாந்தி பலகையைத் திரும்பிப் பார்த்தாள். இருங்கோ என்றுதான் இருந்தது. பசு எங்கேயும் இல்லை. அவள் அவசரமாக வாசிப்புப் புத்தகத்தை எடுத்து, பசுப் பாடத்துக்குப் பதிலாக மழைப் பாடத்தை விரித்து, படத்தைக் கையால் மூடிக்கொண்டு ஷெரோனிடம் நீட்டினாள்.

ஷெரோன் புத்தகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பிறகு, நியாயமான ஒரு கேள்வியைக் கேட்கிறவளின் பொறுமையோடு சொன்னாள். "ரீச்சர், படத்தை மறைச்சால் என்னெண்டு வாசிக்கிறது?"

றொசாந்தி கதிரையில் இருந்துவிட்டாள். மற்ற நாளென்றால் கூரை கிளம்பக் கத்தியிருப்பாள். இப்போது கத்துவதற்கும் வழியில்லாமல் அந்த விஷயம் அப்படியே நெஞ்சுக்குள் இறங்கியது. இந்தப் பிள்ளைகள் எழுத்தை வாசிக்கவில்லை. இவ்வளவு நாளும் அவளுடைய குரலைத்தான் பாடமாக்கியிருக்கிறார்கள். அவள் வரியைத் தொடங்க முதலே படத்தைப் பார்த்து, அவள் வாயைப் பார்த்து, பக்கத்துப் பிள்ளையின் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்கள். இந்தப் பதினேழு பேர் சரி. இதற்கு முன்னால் பத்து வருடம்?

தலையைக் கையில் தாங்கியபடி அவள் எவ்வளவு நேரம் இருந்தாளோ தெரியாது. நிமிர்ந்தபோது பதினாறு பேர் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் இருந்தாள்.

அது தர்சிகா. யன்னலோரத்துக் கடைசி வாங்கில் இருப்பவள். அவளுடைய குரலை றொசாந்தி அன்றுவரை தனியாகக் கேட்டதில்லை. கூட்டத்தில் அது எப்படிக் கேட்கும்?

றொசாந்தி மெல்ல எழும்பி, பலகையில் எழுதினாள்: எழும்புங்கோ.

தர்சிகாவின் உதடு அசைந்தது. "எ... ழு... ம்..." எழும்பி நின்றாள்.

இருங்கோ. இருந்தாள்.

கையைத் தூக்குங்கோ. இதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. கடைசியில் கை மேலே போனது.

"மந்திரம் மாதிரி!" என்றது ஒரு குரல். அடுத்த கணம் பதினைந்து பிள்ளைகள் தர்சிகாவின் வாங்கைச் சுற்றி மொய்த்துக்கொண்டு, "என்னெண்டு உனக்குத் தெரியும்? ரீச்சர் உனக்கு மட்டும் சொன்னவவோ?" என்று பிடுங்கினார்கள். தர்சிகா பயந்துபோய்ப் பலகையைக் காட்டினாள். "அதிலை கிடக்குதே," என்றாள்.

கரும்பலகைக்கு முன்னால் ஷெரோன் தனியாக நின்றாள். முகம் சிவந்திருந்தது. அவள் பக்கம் ஒருவருமே பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை றொசாந்தி பாடத்திட்டக் கொப்பியை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கட்டளைகளோடு தொடங்கினாள். சிரியுங்கோ. தும்முங்கோ. பூனை மாதிரிக் கத்துங்கோ. முதலில் வாசிக்கிறவர் செய்தால் போதும், மற்றவர்கள் பார்த்துச் செய்துவிடுவார்கள் என்று கண்டதும், அவள் ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு வேறொன்று என்று எழுதத் தொடங்கினாள். பார்த்துச் செய்தவர்கள் பிழையாகச் செய்து, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வெட்கத்தில் அவர்களும் பலகையை முறைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். எழுத்து ஒவ்வொன்றாகக் கண் திறந்தது. 'பூ' தெரிந்தவன் கத்தினான், 'னை' தெரிந்தவள் கத்தினாள், இரண்டும் மோதிப் பூனை பிறந்தது.

புதன்கிழமை அதிபர் அருளம்பலம் அந்த வழியால் வந்தார். இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவருக்கு அது பழக்கமில்லாத ஒன்று. எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் பதினேழு பேரும் மேசைகளுக்குக் கீழே பதுங்கிக் கிடந்தார்கள்.

ஒரு கணம் அவருடைய கால் தானாக மடங்கிவிட்டது. குண்டு விழுந்த காலத்தைக் கண்ட அவருடைய வயதுக்காரர்களுக்கு மேசைக்குக் கீழே பிள்ளைகள் கிடந்தால் வேறு அர்த்தம். நிலைக் கதவைப் பிடித்துக்கொண்டு பாதிக் குந்தியபடி வானத்தைப் பார்த்தார். வானத்தில் இரண்டு காகம் பறந்தன. பிறகு பலகையைப் பார்த்தார். மேசைக்குக் கீழை போங்கோ. மூச்சு விடாதேங்கோ.

அவர் நிமிர்ந்து நின்று, காற்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "என்ன விசர் வேலை ரீச்சர் இது?"

றொசாந்தி பலகையில் எழுதினாள்: அதிபருக்கு வணக்கம் சொல்லுங்கோ.

மேசைகளுக்குக் கீழே முணுமுணுப்பு ஓடியது. "அ... தி... ப..." "அதிபர்!" "வ... வண..." பிறகு பதினேழு தலையும் ஒன்றாக வெளியே வந்தன. "வணக்கம் சேர்!"

அதிபர் அந்தப் பலகையையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். விறாந்தை வழியே திரும்பி நடந்தார்.

ஷெரோன் அந்த இரண்டு நாளும் தானாக ஒரு சொல்லும் கதைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் மட்டும் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தர்சிகாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஒரு எழுத்துக்கு ஒரு பொரித்த சூடை மீன் என்று ஒப்பந்தம். புதன்கிழமை தர்சிகா ஐந்து சூடை தின்றாள்.

வியாழக்கிழமை இடைவேளை முடிந்து றொசாந்தி வந்தபோது, கரும்பலகையின் நடுவில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு சொல் இருந்தது.

ஓடு.

ஷெரோன் வெண்கட்டியோடு பக்கத்தில் நின்றாள். கன்னம், மூக்கு, சட்டை எல்லாம் வெள்ளை. "நான் எழுதினது," என்றாள். அது அவள் கதைத்த குரல்தானா என்று றொசாந்தி திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு மெதுவாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அதிபர் வந்தார். பலகையைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இளகியது. "ஓடு. நல்ல சொல். கூரை ஓடு. எங்கடை பள்ளிக்கூடத்துக்கும் ஓடு மாத்தவேணும்."

"கூரை இல்லை சேர்," என்றாள் ஷெரோன்.

"வேறை என்ன? ஆமை ஓடோ?"

"இல்லை சேர். ஓடு. நீங்கள்தான். நீங்கள் ஓடவேணும். எழுதினால் செய்யவேணும்."

அதிபரின் காது சிவந்தது. "அதிபருக்கு 'ஓடு' எண்டோ எழுதுறது? நாயைக் கலைக்கிற மாதிரி? மரியாதை எங்கை பிள்ளை?"

அவர் போனபிறகு ஷெரோன் அழுவாள் என்றுதான் றொசாந்தி நினைத்தாள். அவள் அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பலகையைப் பார்த்தபடி நின்றாள். கடைசியில் திரும்பிக் கேட்டாள்.

"ரீச்சர், மரியாதைக்கு என்ன எழுத்து?"

றொசாந்தி பலகையில் அவள் எழுதிய 'ஓடு'வுக்குப் பின்னால் இரண்டு எழுத்தை மெதுவாகச் சேர்த்தாள். ங். கோ.

"இது எல்லாத்துக்கும் பின்னாலை வாற வால்," என்றாள் ஷெரோன் வியப்போடு. "இருங்கோ, சிரியுங்கோ... நான் சும்மா வடிவுக்குப் போடுறியள் எண்டு நினைச்சன். இதுதானோ மரியாதை?"

றொசாந்தி தலையாட்டினாள்.

ஷெரோன் 'ங்'கைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். விரலை அதன் மேல் ஓட்டிப் பார்த்தாள். "கதிரையிலை ஆரோ இருக்கிற மாதிரிக் கிடக்கு," என்றாள். பிறகு முகம் மலர்ந்தது. "ஓம், சரிதான். பெரியாக்கள் வந்தால் முதல் கதிரைதானே குடுக்கிறது!"

றொசாந்தி சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு வயிற்றுக்குள்ளேயே உருண்டு, கண்ணால் தண்ணீராக வந்தது. பதினொரு வருடத்தில் இந்த எழுத்தை இவ்வளவு நன்றாக ஒருவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஷெரோனின் தாய் லூர்த்தம்மா வந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைப்பவள் அவள்தான். விறகை இறக்கி வைக்க முதலே முறைப்பாட்டைத் தொடங்கினாள். "உவளுக்கு என்ன செய்தனீங்கள் ரீச்சர்? நேற்றுப் பின்னேரம் முழுக்க அடுப்படிச் சாம்பலைப் பரப்பிப்போட்டு எழுதினபடி. நான் கூட்டப்போனால் கத்துறாள், 'அம்மா, மரியாதையை அழிக்காதேங்கோ' எண்டு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

பதினொரு மணிக்கு ஆசிரிய ஆலோசகர் வருவதாக இருந்தது. பத்தேமுக்காலுக்கு அதிபர் எல்லாம் ஒழுங்கா என்று பார்க்க இரண்டாம் வகுப்புக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பலகையில் எழுதியிருந்தது:

அதிபர் சேர் ஓடுங்கோ.

ஒரு எழுத்துப் பிழையும் அதில் இல்லை. 'ங்' மட்டும் மற்ற எழுத்துகளைவிட இரண்டு மடங்கு பெரிதாக, ஒரு பெரிய மனிதர் வசதியாக இருக்கக்கூடிய அளவில் இருந்தது.

அதிபர் அதை இரண்டு முறை வாசித்தார். பதினேழு முகமும் அவரைப் பார்த்தன. ஷெரோன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முழங்கை வரை சாம்பல்.

"மரியாதை போட்டிருக்கிறன் சேர்," என்றாள்.

அருளம்பலம் மணிக்கூட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த மூன்று பேனையையும் எடுத்து, றொசாந்தியின் கையில் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றி அதையும் கொடுத்தார். பிறகு நினைத்துக்கொண்டு கண்ணாடியை வாங்கித் திரும்பவும் போட்டார்.

ஓடினார்.

விறாந்தையைத் தாண்டி, கொடிக்கம்பத்தைச் சுற்றி, வெயில் கொளுத்தும் விளையாட்டிடத்தில் வயிறு முன்னால் போக அவர் ஓடினார். பிள்ளைகள் எழுப்பிய சத்தத்தில் வேலிக் கிளுவை மரங்களிலிருந்த காகமெல்லாம் கிளம்பின. சமையல் கொட்டிலில் பருப்பைத் துழாவிக்கொண்டிருந்த லூர்த்தம்மா எட்டிப் பார்த்தாள். அதிபர் ஓடுகிறார். அந்த மனிதர் வேகமாக நடந்தே அவள் கண்டதில்லை. ஏதோ பெரிய ஆபத்து என்று அகப்பையும் கையுமாகப் பின்னால் ஓடினாள். துறையில் வலை பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் லூர்த்தம்மா ஓடுவதைக் கண்டு வேலியைப் பாய்ந்து வந்தார்கள். அவர்களோடு ஒரு நாயும் வந்தது.

"என்ன சேர்? என்ன நடந்தது? ஏன் ஓடுறியள்?" என்று லூர்த்தம்மா மூச்சு வாங்கக் கேட்டாள்.

"எழுதிக் கிடக்குது!" என்றார் அதிபர், நிற்காமல்.

இரண்டாம் சுற்று முடிந்தது. அவர் விறாந்தைப் பக்கம் வந்து, "நிற்பாட்டச் சொல்லி எழுதுங்கோவன் பிள்ளையள்! எழுதாமல் நான் என்னெண்டு நிக்கிறது?" என்று கத்திவிட்டு மூன்றாம் சுற்றைத் தொடங்கினார்.

அதை ஒருவரும் யோசிக்கவில்லை. பதினேழு பேரும் பலகையை அதன் தாங்கியோடு விறாந்தைக்கு இழுத்து வந்தார்கள். நிறுத்துவதற்கு என்ன எழுத்து? "நில்லுங்கோ!" என்று எல்லோருக்கும் சொல்லத் தெரிந்தது. எழுதத்தான் தெரியவில்லை. எல்லோரும் றொசாந்தியைப் பார்த்தார்கள். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, முடியாது என்று தலையாட்டினாள். வெண்கட்டி ஷெரோனிடம் இருந்தது.

ஷெரோன் எழுதினாள்: னில்லுங்கோ.

அதிபர் ஓடிவந்து பார்த்தார். "உது பிழை! உந்த 'ன' முதலிலை வராது!" என்றுவிட்டு ஓடிக்கொண்டே இருந்தார்.

"எந்த 'ந'? எந்த 'ந'?" என்று ஒரே அமளி. "மூண்டு கிடக்கு!" "சுழி போட்டதோ?" "இல்லை, மற்றது!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு தர்சிகா வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, துறை வரை கேட்கக் கத்தினாள். "நரிக்கு வாற 'ந'!"

ஷெரோன் அழித்து எழுதினாள். அவசரத்தில் எழுத்துச் சறுக்கியது. அதிபர் அடுத்த சுற்றில் வந்து வாசித்தார்.

நுள்ளுங்கோ.

"நுள்ளுங்கோவோ? ஆரை நுள்ளிறது?" என்று அவர் கேட்டு முடிக்கவில்லை. அதற்குள் வாசிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்றவர்களை விரல் நகத்தால் பிடித்து நுள்ளத் தொடங்கிவிட்டார்கள். எழுதினால் செய்யவேண்டும் அல்லவா. விறாந்தை முழுக்க "ஆ!" "அம்மா!" என்று அலறலும் சிரிப்பும். நுள்ளு வாங்கிய ஒருவனுக்கு ஏன் வாங்கினோம் என்று விளங்கவில்லை. பலகையை ஒரு முறை பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, பிறகு திருப்பி நுள்ளினான்.

அந்த நேரத்தில்தான் வாசலால் ஒரு ஸ்கூட்டி உள்ளே வந்தது. ஆசிரிய ஆலோசகர் பத்மாவதி தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தார். அதிபர் வியர்வை சொட்ட அவரைக் கடந்து ஓடினார். "வணக்கம் மிஸ். ஒரு நிமிசம்." அவருக்குப் பின்னால் அகப்பையோடு ஒரு பெண், வலை ஊசியோடு இரண்டு ஆண்கள், ஒரு நாய்.

பத்மாவதி விறாந்தைக்கு வந்து றொசாந்தியிடம் கேட்டார். "இங்கை என்ன நடக்குது ரீச்சர்?"

றொசாந்தி தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு பலகையைக் காட்டினாள். ஷெரோன் நாக்கைக் கடித்துக்கொண்டு, கடைசி எழுத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

நில்லுங்கோ.

அதிபர் பலகைக்கு முன்னால் சடாரென்று நின்றார். லூர்த்தம்மா அவர் முதுகில் மோதினாள். ஆண்கள் லூர்த்தம்மாவில் மோதாமல் மணலில் விழுந்தார்கள். நாய் மட்டும் வாசிக்கத் தெரியாமல் இன்னொரு சுற்று ஓடியது.

அதிபருக்குத் தண்ணீர் கொடுத்து இருத்தியபிறகு, பத்மாவதி மேசைக்குப் பின்னால் இருந்து கோவையை விரித்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாசித்தார்கள். போன தவணை போலக் கணீரென்று ஒருவரும் வாசிக்கவில்லை. எழுத்து எழுத்தாகத் தடவித் தடவி வந்தார்கள். ஒரு வரிக்கு ஒரு நிமிடம் பிடித்தது. ஷெரோன் வந்தபோது, பசுப் பாடத்தில் 'உண்டு' என்ற சொல்லை விரலால் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் நின்றாள்.

பத்மாவதி பழைய குறிப்பைப் புரட்டினார். "போன தவணை இந்தப் பிள்ளைக்கு மிக நன்று. இப்ப இவ்வளவு குறைஞ்சிருக்கு. ஏன் ரீச்சர்?"

றொசாந்தி கொப்பியில் எழுதி நீட்டினாள். 'போன தவணை வாசிச்சது நான்.'

பத்மாவதி அதை வாசித்துவிட்டு, பேனையை மூடி வைத்தார். பிறகு எழும்பிப் போய்ப் பலகையை முழுதாக அழித்தார். புத்தகத்தில் இல்லாத ஒரு வரியை எழுதினார்.

மயிலிட்டித் துறையில் ஒரு வள்ளம் நிற்கிறது.

"இதை வாசியும் பாப்பம் பிள்ளை."

படம் இல்லை. ரீச்சரின் வாயும் அசையவில்லை. பின்னால் ஒருவரும் சத்தம் போடவில்லை. ஷெரோன் பலகைக்கு முன்னால் தனியாக நின்றாள்.

"ம... ய்... இல்லை, யி. மயி... லி..." நின்றாள். "மயிலி... ட்... டி."

உதடு இன்னொரு முறை அசைந்தது. சட்டென்று கண் இரண்டும் விரிந்தன.

"மயிலிட்டி!" என்று கத்தினாள். "மிஸ், இது மயிலிட்டி! எங்கடை மயிலிட்டி! நாங்கள் இருக்கிற இடம்!"

"ஓம், ஓம். மிச்சத்தையும் வாசியும்."

"வாறன் மிஸ்!" ஷெரோன் வெளியே பாய்ந்துவிட்டாள். சமையல் கொட்டிலிலிருந்து அவளுடைய குரல் கேட்டது. "அம்மா! எங்கடை ஊர் பலகையிலை நிக்குது! கெதியா வாங்கோ!"

அகப்பையில் பருப்புச் சொட்டச் சொட்ட லூர்த்தம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள். லூர்த்தம்மா பலகையைப் பார்த்தாள். அவளுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். எத்தனையோ தரம் வாசித்த பெயர். இடம்பெயர்ந்து கொட்டில்களிலும் வாடகை அறைகளிலும் இருந்த காலத்தில் விண்ணப்பப் பத்திரங்களில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் எழுதி எழுதிக் கை ஓய்ந்த பெயர். மகளின் விரல் அதன் மேல் ஒவ்வொரு எழுத்தாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வடிவாத்தான் கிடக்கு," என்றாள். உடனே, "ஐயோ, பருப்பு அடிப்பிடிக்கப்போகுது!" என்று திரும்பி ஓடினாள்.

பத்மாவதி நீண்ட நேரம் யோசித்து ஒரு குறிப்பு எழுதி, மடித்து மேசையில் வைத்தார். அவர் போனபிறகு அதிபர் அதைப் பிரித்து வாசித்தார். இரண்டே வசனம். 'வாசிப்பு வேகம் போதாது. ஆனால் வாசிக்கிறார்கள்.' இரண்டாவதை அவர் றொசாந்திக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். அந்தத் தவணை வலயப் பட்டியலில் பள்ளிக்கூடம் நான்கு இடம் கீழே இறங்கியது. றொசாந்திக்கு அதைப்பற்றித் துளியும் கவலை வரவில்லை. அன்று பின்னேரம் பஸ்ஸில் பலாலி வீதி நெடுக யன்னலோரத்தில் இருந்து, தனக்குள் சிரித்துக்கொண்டே போனாள். திருநெல்வேலிச் சந்தையில் ஏறிய ஒரு மனிசி அவளுக்குப் பக்கத்தில் இருக்க யோசித்து, தள்ளிப் போய் இருந்தாள்.

பத்து நாள் கழிந்து வைத்தியர் குழாயை விட்டுப் பார்த்தார். தடிப்பு வற்றியிருந்தது. பாதிக் குரலில் கதைக்கலாம் என்றார். ஜெயசுதன், "அவசரமில்லை டொக்டர், இன்னும் ஒரு கிழமை வேணுமெண்டால்..." என்று தொடங்கி, மனைவியின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் அவள் வகுப்பில், "வணக்கம் பிள்ளையள்," என்றாள். அந்தக் குரல் மெல்லியதாக, யாரோ ஒரு சின்னப் பெண்ணின் குரல்போல வந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ரீச்சர், நீங்கள் எழுதுறதுதான் நல்லாக் கேக்குது," என்றாள் தர்சிகா.

அன்றுமுதல் முதலாம் பாடம் முழுக்க அவள் வாய் திறப்பதில்லை என்று ஏற்பாடாயிற்று.

அதிபர் அருளம்பலம் இப்போதெல்லாம் இரண்டாம் வகுப்புக்குள் நேரே நுழைவதில்லை. முதலில் யன்னலால் பலகையை எட்டிப் பார்ப்பார். அன்றும் பார்த்தார். அதிபர் சேர் வாங்கோ. கதிரையில் இருங்கோ. நல்லது, பயமில்லை என்று உள்ளே வந்து, கதிரையில் வசதியாக இருந்தார். அதன்பிறகுதான் பலகையின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு நின்ற ஷெரோனும் தர்சிகாவும் விலகினார்கள்.

பாடுங்கோ.

அதிபர் றொசாந்தியைப் பார்த்தார். அவள் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தாள். அதிபர் தொண்டையைச் செருமினார். அவருக்கு முழுதாகத் தெரிந்தது ஒரேயொரு தேவாரம்தான். கண்ணை மூடி, கையைக் குவித்து, அதை இராகத்தோடு எடுத்தார். யாரும் எதிர்பாராத குரல், கனமாகவும் இனிமையாகவும் வந்தது. சமையல் கொட்டிலில் பாத்திரச் சத்தம் நின்றது. துறையில் வலை பொத்தியவர்கள் நிமிர்ந்தார்கள். அந்தோனியார் கோயிலுக்குப் போகிற பிள்ளைகளும், வைரவர் கோயிலுக்குப் போகிற தர்சிகாவும் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடி முடித்து, கண்ணைத் திறக்காமல், அவர் ஒரு கணம் அப்படியே இருந்தார்.

பதினேழு பேரும் எழும்பி நின்று, மிகுந்த பக்தியோடு சொன்னார்கள்.

"ஆமென்!"